வைரத்தின் குற்றமும் குணமும்
தமிழர் கண்ட மணிநோட்டம்

மோதிரத்தில் பதிக்க ஒரு வைரம் வாங்க எண்ணிச் சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ ஒரு நகைக்கடைப் படியேறுவோர், நான்கு செய்திகளைக் கேட்டறிந்து வாங்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். எடை, நிறம், தெளிவு, பட்டை என்பன அந்நான்கு. அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டில் இராபர்ட் ஷிப்லி என்பார் நிறுவிய மணியியல் கழகம் இந்நான்கையும் முறைப்படுத்தி உலகெங்கும் பரப்பியது. 1950களில் அக்கழகம் வகுத்த தர அளவுகளே இன்றும் பெரும்பாலான நாடுகளில் வழங்கி வருகின்றன.

இதைக் கேட்கும் தமிழர் பலர், மணியை ஆராயும் கலையே மேலை நாட்டார் நமக்கு அளித்தது என்று கருதிவிடுகின்றனர். அது பொருந்தாது. வைரத்தின் குற்றத்தையும் குணத்தையும் பெயரிட்டு வகுத்துரைத்த மரபு தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. அம்மரபு எத்தகையது, அதில் இன்று கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மதுரையின் மணிக்கடை வீதி

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை என்பது பதினான்காம் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுக் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கும் பகுதி அது. பல வீதிகளையும் கடந்து அவன் நவமணிகள் விற்கும் வீதியை அடைகின்றான். அங்கே இளங்கோவடிகள் முதலில் எடுத்துரைப்பது வைரத்தைத்தான்.

அவர் அதனை எவ்வாறு எடுத்துரைக்கின்றார் என்பது உன்னத்தக்கது. பளபளப்பு, விலை என்று தொடங்காமல், இல்லாதிருக்க வேண்டிய குற்றங்களை முன்வைக்கின்றார். காக்கையின் அடிபோலக் கிளைத்துத் தோன்றும் கீறல் காகபாதம், மாசு படர்ந்தது போன்ற மங்கல் களங்கம், புள்ளி விந்து, கோடு ஏகை. இந்நான்கும் நீங்கிய பின்னரே, நூல் வல்லோர் கூறிய நுண்ணிய முனைகளையும், நால்வகை நிறத்தையும், நல்ல ஒளியையும் குறிப்பிடுகின்றார்.

இதனை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு குற்றமும் நீங்குதல் என்பது தெளிவு. நுண்ணிய முனை என்பது வடிவத்தைச் சார்ந்தது; இன்று பட்டை என்பதும் அதுவே. நிறம் நேராகவே சொல்லப்பட்டுவிட்டது. எடை ஒன்றுதான் அங்கே கூறப்படவில்லை. அது தராசு சொல்லும் செய்தி. மற்றவை கண் சொல்ல வேண்டிய செய்திகள். சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், எக்காலத்தைக் கொண்டாலும் அமெரிக்கக் கழகத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது அந்நூல் என்பதில் ஐயமில்லை.

எட்டுப் பலகை, ஆறு முனை

இப்பகுதிக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் இன்னும் விரித்துரைக்கின்றார். அவ்வுரையை உ. வே. சாமிநாதையர் 1892இல் மூலத்துடன் பதிப்பித்தார். வைரத்துக்குக் குற்றம் பன்னிரண்டு, குணம் ஐந்து என்பது அவ்வுரை காட்டும் கணக்கு. கீற்று, சப்படி, பிளத்தல், துளை, கரி, விந்து, காகபாதம், தாரை மழுங்கல் முதலியன குற்றங்கள். தாரை என்பது விளிம்பு; சப்படி என்பது தட்டையாய் இருத்தல். குணங்களுள் முதலில் நிற்பவை எட்டுப் பலகையும் ஆறு முனையும் ஆகும்.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். எட்டு முகமும் ஆறு முனையும் கொண்ட திண்மம் எது? எண்முகி. சதுர அடியுடைய இரண்டு கூம்பகங்களை அடியோடு அடி பொருத்தினால் வரும் உருவம் அது. மண்ணிலிருந்து எடுக்கும் வைரம் பெரும்பாலும் இவ்வுருவிலேயே கிடைக்கின்றது. கரி அணுக்கள் ஒவ்வொன்றும் நான்கு அணுக்களோடு பிணைந்து அடுக்கப்படுவதால் இவ்வடிவம் அமைகின்றது என்று இன்றைய அறிவியல் காரணம் காட்டுகின்றது. காரணம் அறியாக் காலத்திலும், வடிவத்தை எண்ணிக் கணக்கிட்டுக் குணமாகக் குறித்து வைத்தனர் நம் முன்னோர். பட்டை தீட்டும் கலை வளராத அக்காலத்தில் முனை முரியாத இயற்கை எண்முகியே சிறந்த வைரமாக மதிக்கப்பட்டது.

வைரம் தமிழ் மண்ணில் விளைந்த பொருளன்று. கிருஷ்ணை ஆற்றுப் படுகையும் அதனைச் சூழ்ந்த தெலுங்கு நிலமுமே அதன் பெரிய பிறப்பிடம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை இந்தியாவும், சிறிதளவு போர்னியோவும் மட்டுமே உலகுக்கு வைரம் அளித்தன. ஆயினும் அது தமிழகத்துத் துறைமுகங்களின் வழியே கடல் கடந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்க நூல், முசிறித் துறையில் ஏற்றுமதியான பண்டங்களுள் வைரத்தையும் குறிக்கின்றது. விளைந்த இடம் வேறாயினும், விற்று வாங்கும் இடத்தில்தான் நோட்டம் பார்க்கும் அறிவு செழிக்கும்.

கல்லில் வெட்டிய குற்றப் பட்டியல்

இலக்கியத்தில் வருவன கற்பனையாக இருக்கலாகாதோ என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் விடை தருகின்றன.

முதலாம் இராசராசன் 985இல் அரியணை ஏறினான். பெரிய கோயிலுக்குத் தன் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டு வரை அவன் அளித்த அணிகலன்கள் அக்கோயிலின் கற்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. திருமோதிரங்களும் அவற்றுள் அடங்கும். பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லாலும், மணிகளைத் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். சட்டம், அரக்கு, சரடு ஆகியவை எடையில் சேர்ந்தனவா என்பதையும் தெளிவுபடுத்தினர்.

அங்கு வைரங்களைப் பற்றிய குறிப்புகளே நமக்கு இன்றியமையாதவை. மட்டத்தாரை, சப்படி என்று வகை பிரித்துவிட்டு, அவற்றுள் பொத்து உடையனவும், முறிவு உடையனவும், இரத்தவிந்து என்னும் செம்புள்ளி உடையனவும், காகவிந்து என்னும் கரும்புள்ளி உடையனவும், வெந்தனவும் உள்ளன என்று எழுதி வைத்திருக்கின்றனர். உரையாசிரியர் சொன்ன சப்படியும் விந்துவும் தாரையும் இங்கே கோயில் கணக்கிலும் வருகின்றன. ஆகவே இவை புலவர் புனைந்த சொற்கள் அல்ல. கடைவீதியிலும் கருவூலத்திலும் நாள்தோறும் புழங்கிய தொழிற்சொற்கள்.

அளித்தவன் பேரரசன், பெற்றவர் இறைவர், பொறித்த இடம் கோயிற்சுவர். அங்கே மிகைப்படுத்திப் புகழ்ந்து எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அரசன் கொடுத்த கல்லிலே புள்ளி இருந்தால் புள்ளி என்றே எழுதினர். விரிசல் இருந்தால் விரிசல் என்றே எழுதினர். பிற்காலத்தார் கல்லை மாற்றி வைத்தாலும் கண்டுபிடிப்பதற்கு இதனினும் சிறந்த காவல் இல்லை. குற்றத்தை மறைக்காமல் எழுதுவது கல்லை இழிவுபடுத்துவதாகாது. அதுவே அக்கல்லுக்குரிய அடையாளச் சீட்டு. இன்று ஆய்வுக்கூடங்கள் தரும் சான்றிதழில் உட்குறைகளைப் படம் வரைந்து காட்டுவதும் இதே கருத்தில்தான்.

கடல் கடந்து வந்த உரைகல்

இனி, நாம் வாழும் இத்தீபகற்பத்துக்கு வருவோம். தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு கல் கிடைத்துள்ளது. அது பொன்னின் மாற்று அறியும் உரைகல். அதன்மேல் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கின்றது. பெரும்பத்தன் என்பானுடைய கல் என்று அறிஞர் பொருள் கொள்வர். எழுத்தமைதியைக் கொண்டு கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். நம் தோட்டங்களில் பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தமிழ்ப் பத்தர் தம் பெயர் பொறித்த உரைகல்லோடு இக்கரைக்கு வந்திருக்கின்றார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கின்றது.

அவ்வாறு வந்தோர் சொற்களையும் விட்டுச் சென்றனர். மலாய் மொழியில் தரத்தைக் குறிக்கும் ‘மூத்து’ என்னும் சொல், பொன்னின் தரம் குறிக்கும் ‘மாற்று’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர். மாற்று என்பதைப் பேச்சில் மாத்து என்றுதானே ஒலிக்கின்றோம்! கல்வித் தரம், பண்டத்தின் தரம் என்று இன்று மலாயில் எழுதும்போதெல்லாம் தமிழ்ப் பொற்கொல்லரின் உரைகல் மறைந்து நின்று பேசுகின்றது. மாணிக்கத்தைக் குறிக்கும் ‘மாணிக்கம்’ என்னும் மலாய்ச் சொல்லும் அவ்வழி வந்ததே. வைரத்துக்கு மட்டும் ‘இந்தான்’ என்று தனிச்சொல் உண்டு. போர்னியோவில் லண்டாக், மார்த்தாபுரா ஆகிய இடங்களில் வைரம் கிடைத்ததை நினைத்தால் அதில் வியப்பில்லை.

எடைக்கும் இதனை ஒட்டிய ஒரு செய்தி உண்டு. இராசராசன் காலக் கணக்கில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடி என்பது மலாய்க்காரர் சாகா என்று அழைக்கும் மரத்தின் செவ்விதையே. நம் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் அந்த விதை ஏறத்தாழக் கால் கிராம் எடையுள்ளது. மேலை நாட்டாரும் இவ்வாறே கேரப் மரத்தின் விதையால் மணிகளை நிறுத்தனர். காரட் என்னும் பெயர் அவ்விதையிலிருந்து வந்தது. 1907இல்தான் ஒரு காரட் என்பது கிராமில் ஐந்தில் ஒரு பங்கு என்று உலகப் பொது அளவாக உறுதி செய்யப்பட்டது. இரண்டு நாகரிகங்கள் ஒன்றையொன்று கேளாமலே ஒரே வழியை நாடின.

பிள்ளைகள் கற்ற நோட்டம்

நோட்டக் கலையை எவ்வாறு கற்பித்தனர் என்பது ஆசிரியராகிய நமக்கு எழவேண்டிய வினா. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வைரச் சுரங்கங்களை நேரில் கண்ட பிரெஞ்சு வணிகர் தாவெர்னியே, 1676இல் வெளியிட்ட தம் பயண நூலில் ஒரு காட்சியை விவரிக்கின்றார். வணிகர்களின் பிள்ளைகள், பத்து வயது முதல் பதினைந்து பதினாறு வயது வரை உள்ளவர்கள், காலையில் ஊர்ப் பொதுவிடத்து மரத்தடியில் அமர்ந்திருப்பர். இடுப்பில் ஒருபுறம் எடைக்கற்பை, மறுபுறம் பணப்பை. யாரேனும் வைரம் கொண்டுவந்தால் அதனை மூத்த பிள்ளையிடம் கொடுப்பர். அவன் பார்த்து அடுத்தவனிடம் தருவான். ஒருவரும் வாய் திறவாமல் கல் கைமாறி வந்து, மீண்டும் மூத்தவனிடம் சேரும். பிறகுதான் அவன் விலை பேசுவான். மாலையில் வாங்கியவற்றையெல்லாம் தரம் பிரித்துப் பெரிய வணிகர்க்கு விற்று, ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வர்.

இம்முறையில் ஓர் ஆழ்ந்த கல்விக் கொள்கை இருக்கின்றது. ஒவ்வொரு பிள்ளையும் பிறர் கருத்தைக் கேட்பதற்கு முன் தன் கண்ணால் பார்த்துத் தன் முடிவுக்கு வந்துவிட வேண்டும். மூத்தவன் சொன்னதைப் பின்பாட்டுப் பாடுவதற்கு அங்கே இடமில்லை. வகுப்பறையில் ஒருவன் விடை சொன்னவுடன் முப்பது பேரும் அதையே சொல்லும் நிலையை நாம் அறிவோம். மரத்தடிப் பள்ளி அந்நோயைத் தீர்த்திருக்கின்றது.

பெரிய கல்லின் விலையைக் கணக்கிடும் முறையையும் தாவெர்னியே எழுதுகின்றார். எடையை எடையால் பெருக்கி, அதனை ஒரு காரட்டின் விலையால் மீண்டும் பெருக்க வேண்டும். மூன்று காரட் கல்லுக்கு மூன்று மடங்கு விலையன்று, ஒன்பது மடங்கு. இன்றைய விலை அவ்விதிப்படி அப்படியே அமைவதில்லை. ஆயினும் எடை கூடக் கூட விலை அதனினும் விரைந்து ஏறும் என்ற உண்மை மாறவில்லை. ஒரு காரட் கல்லின் விலைக்கு அரைக் காரட் கற்கள் இரண்டுக்கு மேலும் வாங்கலாம் என்பதன் காரணம் இதுவே.

தள்ள வேண்டியவை

முன்னோர் சொன்னவை என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது அறிவுடைமை ஆகாது. மூன்று கருத்துகளைத் தள்ளியே ஆக வேண்டும்.

முதலாவது, நல்ல வைரம் நீரில் மிதக்கும் என்பது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்கிதையில் இக்கூற்று உள்ளது. வைரம் நீரைப்போல் மூன்றரை மடங்கு அடர்த்தி உடையது. அது மூழ்கியே தீரும்.

இரண்டாவது, சம்மட்டியால் அடித்தாலும் உடையாது என்பது. அடி தாங்குதலை வைரத்தின் குணமாக அருத்தசாத்திரம் கூறுகின்றது. உரோமர்களிடையேயும் இந்நம்பிக்கை இருந்தது. கடினம் வேறு, உறுதி வேறு. வைரத்தைப் பிற இயற்கைக் கற்கள் கீற முடியா. ஆனால் எண்முகியின் முகங்களுக்கு இணையான திசைகளில் அடிபட்டால் அது பிளந்துவிடும். இந்தச் சோதனையால் நல்ல கற்கள் பல பாழாகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, நிறத்தைக் கொண்டு வைரத்துக்கு நான்கு வருணம் வகுத்து, இன்ன வருணத்தார் இன்ன நிறக் கல்லைத்தான் அணியலாம் என்று வடநூல்கள் பல விதித்தது. மஞ்சள் நிறம் வைரத்தில் கலந்த நைட்ரசனாலும், நீல நிறம் போரானாலும் வருவன. கல்லுக்கும் பிறப்பில் உயர்வு தாழ்வு கற்பித்த இவ்விதிக்கு மணியியலில் இடமே இல்லை. பழைய அருத்தசாத்திரம் நிறங்களைப் பூனைக்கண், வாகைப்பூ, பளிங்கு என்று பொருள்களோடு ஒப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டது என்பதும் நினைக்கத்தக்கது. மூத்த நூலில் இல்லாத பிரிவினை பின்னே வந்து ஒட்டிக்கொண்டது.

இன்று வாங்குவோர்க்கு

நெகிரி செம்பிலானில் மலாய்ச் சகோதரர் பேணும் பெர்பாதே வழக்கின்படி பரம்பரை நிலம் பெண்வழியே செல்கின்றது. நம் தோட்டத்துப் பெண்களுக்கு நிலம் இருந்ததில்லை. குடியிருந்த வீடும் தோட்டத்துக்கே உரியது. அவர்கள் தமக்கென்று வைத்திருந்த சொத்து காதிலும் மூக்கிலும் கழுத்திலும் இருந்ததுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950களிலும் 60களிலும், பின்னர் அவை வீடமைப்புக்கும் தொழிலுக்கும் மாறிய காலத்திலும், குடும்பங்கள் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய செல்வம் அதுவே. ஆதலால் நகை நோட்டம் என்பது செல்வர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று.

பொன்னை எந்த ஊரிலும் உரைத்துப் பார்த்து விலை சொல்லிவிடலாம். வைரத்துக்கு அவ்வசதி இல்லை. அடகுக்கடையில் பெரும்பாலும் பொன்னின் எடையே கணக்கு. கல்லுக்கு மதிப்புக் குறைவு. எனவே வைரத்தைச் சேமிப்பு என்று எண்ணி வாங்குதல் கூடாது. அணிந்து மகிழ்வதற்கென்றே வாங்க வேண்டும்.

வாங்குங்கால் கல்லைப் பதிக்கும் முன்பே தனியே பார்க்க வேண்டும். மூடிய பதிப்பு நிறத்தையும் விளிம்பின் முரிவையும் மறைத்துவிடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்து, கண்ட குற்றங்களைச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். நிறத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, பகல் ஒளியில் நோக்க வேண்டும். நிறமற்ற கல்லுக்கு ‘டி’ என்றும், மஞ்சள் ஏற ஏற ‘இசட்’ வரையும் எழுத்தால் தரம் குறிப்பர். ஒளி வீசுதல் பெரிதும் பட்டையைச் சார்ந்தது. சரியாகத் தீட்டாத பெரிய கல்லைவிடச் செவ்வனே தீட்டிய சிறிய கல் நன்றாக மின்னும்.

‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று வழங்கும் கல் வைரமன்று. அதே அளவுள்ள வைரத்தைவிட அது மிகுந்த எடை உடையது. தராசே காட்டிக் கொடுத்துவிடும். மொய்சனைட் என்னும் கல்லைப் பெருக்குக் கண்ணாடியில் சாய்த்துப் பார்த்தால் பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரமோ உண்மையிலேயே வைரம். செயற்கை வைரம் உண்டாக்கப்பட்ட செய்தி 1955இல் வெளிவந்தது; இன்று அது மோதிரக் கல்லாகவும் பரவி, சுரங்க வைரத்தினும் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றது. வெறுங்கண்ணாலும் பெருக்குக் கண்ணாடியாலும் அதனைப் பிரித்தறிய இயலாது. ஆதலால் கல் எங்குப் பிறந்தது என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வளர்த்த வைரத்தை வாங்குவதில் தவறில்லை. ஒன்றின் விலைக்கு மற்றொன்றை வாங்குவதே தவறு.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சான்றிதழில் வரும் பெயர்களை மேகம், இறகு, ஊசிமுனை என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுகின்றனர். களங்கம், கீற்று, விந்து என்னும் சொற்கள் கையில் இருக்கையில் கடன் வாங்குவானேன்? மாணவர்க்கு ஊர்காண் காதையைக் கற்பிக்கும்போது, இவை அருஞ்சொற்பொருள் பட்டியலில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் சொற்கள் அல்ல, கடையில் நின்று பயன்படுத்தும் சொற்கள் என்று காட்டலாம்.

அக்காதையை மீண்டும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஒரு புள்ளியையும் ஒரு கோட்டையும் கண்டறிந்து வைரத்தைத் தள்ளும் நோட்டக்காரர் நிறைந்த நகரம் மதுரை. அவ்வீதியைக் கோவலன் கண்டது பதினான்காம் காதையில். அவன் வெட்டுண்டது பதினாறாம் காதையில். அவன் கையிலிருந்த சிலம்பின் பரல் எது என்று அந்நகரில் ஒருவரும் உடைத்துப் பார்க்கவில்லை. ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லே போதுமானதாயிற்று. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்னும் உண்மை வழக்குரை காதையில்தான் வெளிப்பட்டது. அப்போது உயிர் போயிருந்தது. நோட்டக் கலை வீதியில் இருந்தது, அரசவையில் இல்லை. கல்லைச் சோதிக்கக் கற்ற சமுதாயம், சொல்லையும் அதே கண்ணோடு சோதிக்கக் கற்க வேண்டும். மணிநூல் நமக்கு விட்டுச் சென்ற பாடங்களுள் விலையுயர்ந்தது அதுவே.